புதிய டிராவல் டிரெய்லரும் எக்ஸ்டெண்டெட் வாரண்டியும்: ஒரே மேசையில் வைக்கப்படும் இரண்டு கேள்விகள்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர், அதாவது டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு, வாங்க வரும் குடும்பம், விலை பேசி முடித்த களைப்போடு, டீலர் கடையின் உள்ளறை ஒன்றில் கடைசியாக உட்கார வைக்கப்படுகிறது. அங்கிருக்கும் நிதிப் பிரிவு அலுவலர் கடன் பத்திரங்களோடு இன்னொரு தாளையும் எடுத்து வைக்கிறார். அதற்குக் கடைக்காரர்கள் வழங்கும் பெயர் எக்ஸ்டெண்டெட் வாரண்டி. மாதத் தவணையில் 38 டாலர்தான் கூடும், ஐந்து ஆண்டுகளுக்குப் பழுதைப் பற்றிய கவலையே வேண்டாம் என்பது அவர் சொல்வதன் சாரம். டிரெய்லரை வாங்கலாமா என்பதும் இந்தத் தாளில் கையெழுத்திடலாமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு மாதக்கணக்கில் யோசித்தவர்கள்கூட இரண்டாவது கேள்விக்குப் பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தாள் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பது, டிரெய்லர் எப்படிக் கட்டப்படுகிறது, எதனால் கெடுகிறது என்று அறிந்த பிறகே புரியும். எனவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களுமே அமெரிக்க ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டிகள்) தொழிலின் மையம். நாட்டில் ஓடும் டிரெய்லர்களில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. சந்தையில் பல டஜன் பெயர்கள் கண்ணில் பட்டாலும் அவற்றில் பெரும்பாலானவை மூன்று குழுமங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஜேகோ, கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் ஆகியவை தோர் இண்டஸ்ட்ரீஸ் குழுமத்தைச் சேர்ந்தவை. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் கையில் இருக்கிறது. கிராண்ட் டிசைன் வின்னபேகோவின் கீழ் வருகிறது. கார் தொழிற்சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஆலைகளைக் கற்பனை செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே வேலை பெரும்பாலும் மனிதக் கைகளால், மரச்சட்டம், ஸ்டேப்பிள் ஊசி, பசை, மெல்லிய பிளைவுட் ஆகியவற்றைக் கொண்டு, மிகுந்த வேகத்தில் நடக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, ஏசி, ஹீட்டர், வெந்நீர்க் கருவி, பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு அறையின் இயந்திரம் எல்லாம் டொமெட்டிக், லிப்பர்ட் போன்ற வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிப் பொருத்தப்படுபவை. இப்படி அவசரமாகக் கட்டிய ஒரு சிறு வீட்டை மணிக்கு 60 மைல் வேகத்தில் குண்டும் குழியுமான சாலையில் இழுத்துச் செல்கிறோம். ஒவ்வொரு பயணமும் அதற்கு ஒரு சிறிய நிலநடுக்கம். திருகுகள் தளர்வதும் குழாய் இணைப்புகள் கசிவதும் அபூர்வ விபத்துகள் அல்ல. அவை அந்தப் பொருளின் இயல்பு.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டைவிட்டு வெளியேறத் துடித்த மக்களின் தேவையை நிறைவேற்ற, 2021இல் இந்தத் தொழில் எல்லா வகை ஆர்.வி.க்களையும் சேர்த்து 6 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வண்டிகளைக் கடைகளுக்கு அனுப்பியது. இதுவரை இல்லாத அந்த உச்சம் 2023இல் சுமார் 3.13 லட்சமாக, ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. வாங்குபவருக்கு இந்த எண்களால் இரண்டு பயன்கள் உண்டு. அந்த அவசரக் காலத்தில் கட்டப்பட்டு இன்று பழைய வண்டிச் சந்தைக்கு வரும் டிரெய்லர்களை மற்றவற்றைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. தேவை தணிந்திருக்கும் காலத்தில், ஒட்டுச்சீட்டில் அச்சிட்ட விலையைப் பேச்சுவார்த்தையின் தொடக்கப் புள்ளியாகக்கூட மதிக்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று.

புதிதாக வாங்குவதன் உண்மையான செலவைத் தவணைத் தொகை மறைத்துவிடுகிறது. 40,000 டாலரை 8 சதவீத வட்டிக்கு 15 ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 382 டாலர். கேட்கும்போது பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஐந்து ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் ஏறத்தாழ 31,500 டாலர் பாக்கி இருக்கும். அதுவரை கட்டியதில் 14,400 டாலருக்கு மேல் வட்டிக்கே போயிருக்கும். இன்னொரு பக்கம், புதிய டிரெய்லர் கடை வாசலைத் தாண்டிய முதல் ஆண்டிலேயே மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். ஐந்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போய்விடும் என்று வைத்துக்கொண்டால், அப்போது விற்க நினைப்பவர் கையிலிருந்து ஏறத்தாழ 5,000 முதல் 11,500 டாலர்வரை போட்டுக் கடனை அடைத்த பிறகே வண்டியைக் கைமாற்ற முடியும். வட்டியையும் தேய்மானத்தையும் கூட்டி, ஆண்டுக்கு 25 இரவுகள் அதில் தங்கும் குடும்பத்தின் கணக்கில் பகிர்ந்தால், ஓர் இரவுக்கு 220 முதல் 275 டாலர்வரை வருகிறது. முகாம் கட்டணம், காப்பீடு, குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும் வாடகை, டிரக்குக்கு ஆகும் கூடுதல் எரிபொருள் எதுவும் இதில் சேரவில்லை. ஓட்டல் அறைக்குச் செலவாகும் பணத்தை மிச்சப்படுத்த டிரெய்லர் வாங்குகிறோம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். சிக்கனம் அவற்றில் ஒன்றன்று.

படுக்கை, சமையல், கழிப்பறை ஆகிய மூன்று வசதிகளும் இருந்தால் டிரெய்லரை இரண்டாவது வீடாகக் கருதிக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு கோரலாம் என்பதை விற்பனையாளர்கள் விரும்பிச் சொல்வதுண்டு. விதி உண்மைதான். ஆனால் நிலையான கழிவை எடுத்துக்கொள்ளாமல், கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கோருபவருக்கு மட்டுமே அது பயன்படும். பெரும்பாலான குடும்பங்கள் அப்படிச் செய்வதில்லை.

ஐந்து ஆண்டுகள் வைத்திருப்போமா என்றே தெரியாதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஆர்.வி.ஷேர், அவுட்டோர்ஸி போன்ற தளங்களில் தாங்கள் விரும்பும் அதே அளவுள்ள டிரெய்லரை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். மழை பெய்யும் இரவில் நான்கு பேர் அந்த இடத்துக்குள் எப்படி நடமாடுகிறார்கள் என்பதைக் காட்சிக்கூடம் கற்றுத்தராது. வாங்குவது என்று முடிவான பிறகும், இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பழைய டிரெய்லரைப் பரிசீலிப்பது நல்லது. செங்குத்தான தேய்மானத்தை முதல் உரிமையாளர் ஏற்றிருப்பார். தொழிற்சாலைக் குறைகள் பலவும் அவர் காலத்திலேயே வெளிப்பட்டுச் சரிசெய்யப்பட்டிருக்கும். ஒரு குறை உண்டு: பல நிறுவனங்களின் வாரண்டி முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுகிறது.

எடைக் கணக்கு தனிக் கட்டுரைக்கு உரியது என்றாலும் முற்றிலும் தவிர்க்க முடியாது. டிரக்கின் விளம்பரத்தில் காணும் இழுவைத் திறனைவிட, ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சுமை வரம்பே பெரும்பாலும் முதலில் மீறப்படுகிறது. சாமான்களோடு 7,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச் என்ற இணைப்புக் கொக்கி வழியாக டிரக்கின் மேல் இறக்குகிறது. 13 சதவீதம் என்று கொண்டால் அது 910 பவுண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச்சுக்கு 90, குடும்பத்துக்கும் டிரக்கில் ஏற்றும் பொருள்களுக்கும் 650 என்று கூட்டினால் 1,650 பவுண்டு ஆகிறது. 1,500 பவுண்டு வரம்புள்ள டிரக் இதற்குப் போதாது. டிரெய்லருக்கு முன்பணம் கொடுத்த பிறகு இதை உணர்பவர்கள் டிரக்கையும் மாற்ற வேண்டியதாகிவிடுகிறது.

இனி வாரண்டிக்கு வருவோம். புதிய டிரெய்லரின் விலைக்குள்ளேயே அடங்கி வரும் தயாரிப்பாளரின் வாரண்டி பெரும்பாலான நிறுவனங்களில் ஓராண்டுதான். ஜேகோ இரண்டு ஆண்டும் ஏர்ஸ்ட்ரீம் மூன்று ஆண்டும் தருவது விதிவிலக்குகள். வேறு சில நிறுவனங்கள் சட்டகம், சுவர் போன்ற கட்டுமானப் பகுதிகளுக்கு மட்டும் காலத்தை நீட்டித் தருகின்றன. டயர், பேட்டரி, உள்ளே பொருத்திய சாதனங்கள் பலவற்றுக்கும் அந்தந்தத் தயாரிப்பாளரின் தனி வாரண்டியே பொருந்தும். ஆகையால் ஒரே டிரெய்லருக்குள் அரை டஜன் வாரண்டிகள் அரை டஜன் காலக்கெடுகளோடு இருக்கும். ஆண்டு முழுவதும் டிரெய்லரிலேயே குடியிருப்பவர்களுக்குப் பல வாரண்டிகள் பொருந்துவதில்லை என்ற விதி சிறிய எழுத்துகளில் இருக்கும். வேலை நிமித்தமாக ஊர் ஊராகச் செல்பவர்கள் அதைத்தான் முதலில் தேடிப் படிக்க வேண்டும்.

சட்டப் பாதுகாப்பையும் அளவோடுதான் நம்ப வேண்டும். குறையுள்ள புதிய கார்களைத் திரும்பப் பெறச் செய்யும் மாநிலங்களின் ‘லெமன்’ சட்டங்கள் பல இடங்களில் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களுக்குப் பொருந்துவதில்லை. அத்தகைய இடங்களில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன் மாஸ் வாரண்டிச் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டமே பெரிய துணை. எழுத்தில் வாரண்டி கொடுத்த நிறுவனம், பொருள் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற மறைமுகப் பொறுப்பை முற்றாக உதறிவிட அது அனுமதிப்பதில்லை. பாதுகாப்புக் குறைக்காக அறிவிக்கப்படும் ரீகால் இவை எல்லாவற்றுக்கும் அப்பாற்பட்டது. வாரண்டி முடிந்திருந்தாலும், முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுவரை, அந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்தாக வேண்டும். டிரெய்லரின் அடையாள எண்ணான வி.ஐ.என்.னைக் கொண்டு ரீகால் இருக்கிறதா என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வாரண்டி காலத்தில் பணம் பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. காலமே பிரச்சினை. ஆர்.வி. மெக்கானிக்குகளின் பற்றாக்குறையை ஒப்புக்கொண்டு, தொழில்துறைச் சங்கமே எல்க்கார்ட்டில் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. மே மாதம் பழுதுக்கு விட்ட டிரெய்லர், உதிரிபாகத்துக்கும் தயாரிப்பாளரின் அனுமதிக்கும் காத்திருந்து, கோடை முடிந்த பிறகு திரும்பி வந்த கதைகள் ஏராளம். டிரெய்லர் இல்லாமல் கழிந்த அந்தக் கோடைக்கு எந்தத் தாளும் ஈடு தருவதில்லை.

டிரெய்லரைக் கொல்வது ஏசியின் பழுதோ குளிர்சாதனப் பெட்டியின் பழுதோ அல்ல, தண்ணீர். கூரையின் மேல் விரித்திருக்கும் ரப்பர் போன்ற படலத்தில் ஏசி, காற்றோட்டக் குழாய், ஆண்டெனா, மேற்கூரைச் சாளரம் ஆகியவற்றுக்காகப் பல ஓட்டைகள் இடப்பட்டிருக்கும். அவற்றின் விளிம்புகளை அடைத்திருப்பது சீலன்ட் என்ற பசைதான். வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்க, அந்தப் பசை உலர்ந்து வெடிக்கிறது. முடியளவு வெடிப்பே போதும். உள்ளே இறங்கும் நீர் ஸ்டேப்பிள் துளைகள் வழியே பரவி, மெல்லிய பிளைவுட்டை ஊறவைத்து, மரச்சட்டத்தை அரிக்கத் தொடங்குகிறது. உரிமையாளர் கண்ணுக்கு முதலில் தெரிவது, வெளிச்சுவரின் ஃபைபர்கிளாஸ் தகடு பிளைவுட்டைவிட்டுப் பிரிந்து எழும்பும் புடைப்பு அல்லது அலமாரி மூலையில் காலடியில் அமுங்கும் தரை. அப்போது அநேகமாகக் காலம் கடந்திருக்கும். கூரையைப் பிரித்து மரத்தை மாற்றும் செலவு டிரெய்லரின் சந்தை மதிப்பையே தொட்டுவிடக்கூடும்.

இந்தப் பேரிழப்பைத்தான் எக்ஸ்டெண்டெட் வாரண்டித் தாள்கள் பெரும்பாலும் காப்பதில்லை. நீர்க்கசிவால் விளையும் சேதம், அழுகல், சுவர்த் தகடு பிரிதல் ஆகியவை விலக்குப் பட்டியலில் ஏறத்தாழ நிச்சயமாக இருக்கும். தயாரிப்பாளரின் வாரண்டியும், சீலன்ட்டை உரிய காலத்தில் பராமரிக்கவில்லை என்று காட்ட முடிந்தால், கைவிரித்துவிடும். கூரையை 90 நாளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று பல கையேடுகள் கூறுகின்றன. ஏணியில் ஏறி, தேதி பதியும்படி கைப்பேசியில் படம் எடுத்து, வெடித்த இடத்தில் புதிய சீலன்ட் இட்டுக் கீழே இறங்க ஒரு மணி நேரம் ஆகும். இந்த வழக்கம் ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான ஒப்பந்தத்தைவிட மதிப்பு மிக்கது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அப்படியானால் அந்த ஒப்பந்தம் சட்டப்படி என்ன? விலையில் அடங்கி வருவதே வாரண்டி. தனியாகப் பணம் கொடுத்து வாங்குவது சேவை ஒப்பந்தம். கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இந்த வேறுபாட்டை நுகர்வோருக்குத் தெளிவாகவே எடுத்துச் சொல்கிறது. விற்பவர் டீலராக இருந்தாலும், கோரிக்கை எழும்போது பணம் தர வேண்டியவர் பெரும்பாலும் நாம் பெயரே கேட்டிராத ஒரு நிர்வாக நிறுவனம். அதற்குப் பின்னால் காப்பீட்டு நிறுவனம் ஏதேனும் பொறுப்பேற்றிருக்கிறதா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கார்களுக்கு இத்தகைய ஒப்பந்தங்களைப் பெருமளவில் விற்ற மிசௌரியின் யு.எஸ். ஃபிடெலிஸ் 2010இல் திவாலானது. முகப்பில் அச்சிட்ட ஐந்து ஆண்டு, பின்னால் நிற்பவர் ஐந்து ஆண்டு நிற்பாரா என்பதைப் பொறுத்ததே.

ஒப்பந்தங்களில் இரு வகை உண்டு. ஒரு வகை, காக்கப்படும் பாகங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும். பட்டியலில் இல்லாதது எதுவும் காக்கப்படாது. மற்றொரு வகை, விலக்கப்படுபவற்றை மட்டும் பட்டியலிட்டு மீதி எல்லாவற்றையும் காக்கும். இரண்டாவது விலை கூடியதென்றாலும், வாங்குவதென்றால் அதைத்தான் பரிசீலிக்க வேண்டும். முதல் வகையில் மோட்டார் காக்கப்பட்டு, அந்த மோட்டாரை இயக்கும் சர்க்யூட் போர்டு விடுபட்டுப் போகும் வேடிக்கையெல்லாம் நடக்கும். எந்த வகையானாலும், பழுதைச் சரிசெய்யும் முன் நிர்வாக நிறுவனத்தின் அனுமதியைப் பெற வேண்டும். காரணம் கண்டுபிடிக்கப் பிரித்துப் பார்த்த பிறகு அது விலக்குப் பட்டியலில் சேரும் காரணம் என்று தெரிந்தால், பிரித்த கூலி உரிமையாளர் தலையில் விழும். மெக்கானிக் கூலி மணிக்கு 150 டாலரைத் தாண்டும் கடைகள் பல இருக்க, ஒப்பந்தம் ஏற்கும் கூலிக்கு உச்சவரம்பு இருந்தால் வித்தியாசத்தையும் அவரே தர வேண்டும். பழுதுச் செலவில் உரிமையாளர் தன் கையிலிருந்து முதலில் தர வேண்டிய தொகை ஒரு வருகைக்கா, ஒவ்வொரு பாகத்துக்குமா என்பதும் முக்கியம். ஒரே வருகையில் மூன்று பாகங்களைச் சரிசெய்தால் அது மும்மடங்காகலாம்.

காலத்தைக் கணக்கிடுவதிலும் ஒரு கண்கட்டு உண்டு. பல ஒப்பந்தங்களில் ஐந்து ஆண்டு என்பது வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. முதல் ஆண்டைத் தயாரிப்பாளரே காக்கும்போது, உண்மையில் வாங்குவது நான்கு ஆண்டுதான். அந்த மாதம் 38 டாலர் என்பது 4,000 டாலர் ஒப்பந்தத்தை மேலே சொன்ன 15 ஆண்டுக் கடனோடு சேர்த்தால் வரும் தொகை. கடன் முடியும்போது அந்த ஒப்பந்தத்துக்காக ஏறத்தாழ 6,880 டாலர் கொடுத்திருப்போம். அதில் கடைசிப் பத்து ஆண்டுத் தவணைகள், எப்போதோ காலாவதியான பாதுகாப்புக்குக் கட்டுபவை.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஒப்பந்தம் யாருக்குமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று ஸ்லைடு அறைகள், தானாகச் சமன்செய்யும் கால்கள், இரண்டு ஏசிகள் என்று இயந்திரங்கள் நிறைந்த பெரிய டிரெய்லரை வைத்துக்கொண்டு, ஆண்டில் பல மாதங்கள் ஊர் விட்டு ஊர் செல்பவர், ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்கத் தயங்குபவர், திடீரென்று 3,000 டாலர் செலவு வந்தால் தாங்க முடியாதவர் ஆகியோருக்கு, பின்னால் காப்பீட்டு நிறுவனம் நிற்கும் விலக்கு வகை ஒப்பந்தம் நியாயமான விலையில் கிடைத்தால் பொருள் உண்டு. ஸ்லைடு இல்லாத சிறிய டிரெய்லரில் கோடையில் மட்டும் சில வார இறுதிகளைக் கழிப்பவர் அதே 4,000 டாலரைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால், அதற்குள் அடங்காத பழுது அபூர்வம். குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் ஏசி ஒன்றும் முழுதாக மாற்ற நேர்ந்தால்கூட அந்தப் பணம் அநேகமாகப் போதும். பழுது வராவிட்டால் அது வட்டியோடு அவரிடமே இருக்கும்.

புதிய டிரெய்லரை வாங்குபவருக்கு உண்மையான பலம் இருப்பது பணம் கைமாறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில். ஒப்படைப்புக்கு முந்தைய பரிசோதனையை டீலர் செய்துவிட்டார் என்ற சொல்லை ஏற்காமல், தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் இணைத்து, ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஏசியையும் ஹீட்டரையும் ஓட்டி, ஸ்லைடைப் பலமுறை உள்ளும் வெளியும் நகர்த்தி, கூரை மேல் ஏறிப் பார்க்க வேண்டும். இதற்குத் தனியாகச் சில நூறு டாலர் பெற்றுக்கொண்டு பரிசோதித்துத் தரும் சான்று பெற்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பழைய டிரெய்லருக்கு அவர்கள் கட்டாயம். புதியதற்கும் நான் பரிந்துரைப்பேன். காணும் குறைகளை எழுத்தில் பதிந்து, அவை தீரும்வரை கடன் பத்திரத்தில் கையெழுத்திடாமல் இருந்தால், கடைக்காரருக்கு அவற்றைத் தீர்க்கும் அவசரம் வரும். கையெழுத்தான மறுநாள் அதே குறைகள் காத்திருப்போர் வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

உள்ளறையில் நீட்டப்படும் தாளுக்கும் அதே அணுகுமுறை பொருந்தும். அதன் விலை பேரத்துக்கு உரியது. டீலருக்கு அதில் கணிசமான லாபம் இருப்பதால், முதலில் சொன்ன தொகையிலிருந்து வெகுவாக இறங்கி வருவது சாதாரணம். முழு ஒப்பந்தத்தின் நகலையும், விளம்பரத் துண்டுத்தாளை அல்ல, வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கக் கேட்க வேண்டும். இன்று மட்டும்தான் இந்த விலை என்ற பதில் வந்தால் அதையே விடையாக எடுத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளரின் வாரண்டி முடிவதற்குள் வேறிடத்திலும் இத்தகைய ஒப்பந்தங்கள் கிடைக்கும். அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டவர்களுக்குப் பல மாநிலங்களின் சட்டம் குறிப்பிட்ட நாள்களுக்குள் முழுப் பணத்தையும் திரும்பப் பெற இடம் தருகிறது. அதற்குப் பிறகு ரத்து செய்தால் பயன்படுத்தாத காலத்துக்கு ஏற்ற பகுதி கிடைக்கும். ஒப்பந்தத்தைக் கடனோடு சேர்த்திருந்தால் அந்தப் பணம் பொதுவாக வாங்கியவர் கைக்கு வராது. கடன் கொடுத்தவருக்குப் போய் அசலில் கழிக்கப்படும். மாதத் தவணையில் ஏறிய அந்த 38 டாலரும் குறையாது. கடன் மட்டும் முன்னதாக முடியும்.